ஓடாத வண்டியும் ஒளி இழந்த கண்களும்

(பர்லியாரில் நடைபெற்ற வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நம் கல்விச் சங்கத்தை இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிக் காத்துவரும் பெரியோர்களே! தோட்டங்களிலிருந்தும் பழப்பண்ணையிலிருந்தும் வேலை முடித்து, களைப்பையும் பாராது வந்திருக்கும் தாய்மார்களே! என் அன்பிற்குரிய மாணவச் செல்வங்களே!

‘கல்வியும் நம் சமுதாயமும்’ என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அப்பொருளைப் பற்றி எனக்கு முன்னர்ப் பேசிய சான்றோர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். தலைவர் அவர்கள் அனுமதித்தால், நான் வேறொன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இந்தப் பந்தலுக்கு வரும் வழியில், வலப்புறக் கொட்டகையில் நிற்கும் நம் சங்கத்தின் வேனைப் பற்றியே பேசப் போகிறேன்.

அந்த வேன் வந்த கதையை மூத்தோர் அறிவர், இளையோர் அறியார். பல ஆண்டுகளுக்கு முன்னர், லைன் வீடு ஒவ்வொன்றும் சம்பள நாளன்று பத்து ரூபாய் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறு கொடுத்தது. கொடுக்க இயலாத மாதத்தில் அடுத்த மாதம் இருபதாகக் கொடுத்த வீடுகளும் உண்டு. அப்படிச் சேர்ந்த பணத்தில் வாங்கிய வண்டியைக் குன்னூரிலிருந்து மாலை அணிவித்து அழைத்து வந்தோம். பத்தாண்டுக் காலம் அது தோட்டத்துப் பிள்ளைகளை மாலை வகுப்புக்கு ஏற்றி வந்தது. இருட்டிய பின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. காட்டெருமைக்கும் கரடிக்கும் அஞ்சி, பெண் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடும் வழக்கம் இங்கே குறைந்ததற்கு அவ்வண்டியும் ஒரு காரணம். இன்று மேடையில் அமர்ந்திருக்கும் செவிலியர் ஒருவரும் ஆசிரியைகள் இருவரும் அதில் பயணம் செய்தவர்களே.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடின. வேன் நின்றது. மீண்டும் பள்ளிகள் திறந்தபோது மாலை வகுப்பை அந்தந்தக் குடியிருப்பிலேயே நடத்தத் தொடங்கிவிட்டோம். வேனுக்கு வேலை இல்லாது போயிற்று. பேட்டரி செத்தது, டயர்கள் காற்றிழந்து தரையோடு ஒட்டின, இன்சூரன்ஸ் காலாவதியாயிற்று. இன்று பின் இருக்கையில் கோழி முட்டையிடுகிறது. கோழிக்கு அது பயன்படுகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதற்காக நம் தாய்மார்கள் மாதம் பத்து ரூபாய் கொடுக்கவில்லை.

அவ்வண்டியை என்ன செய்வது என்று செயற்குழுவில் இருமுறை பேசினோம். காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றனர் சிலர். நம் உழைப்பின் சின்னம். அப்படியே வைத்துப் பாதுகாப்போம் என்றனர் வேறு சிலர். இரு சாராரின் மனத்தையும் நான் மதிக்கிறேன். எனினும் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்று கருதுகிறேன். அதனைக் கூறுமுன், என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று.

என் அன்னை முப்பதாண்டுக் காலம் கொழுந்து பறித்தவர். 2008ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய பார்வை மங்கத் தொடங்கியது. முதலில் அரிசியில் கல் பொறுக்குவதை விட்டார். பிறகு அண்டை வீட்டாரைக் குரலைக் கொண்டு அறியலானார். பின்னர் சுவரைத் தடவி நடக்கலானார். பி.ஏ., பி.எட். படித்த நான், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கண்ணின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய நான், ‘வயதானால் அப்படித்தான்’ என்று இருந்துவிட்டேன். மூன்றாண்டுகள் சென்றன. இலவசக் கண் சிகிச்சை முகாம்கள் நடப்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு குறுக்கே வந்தது. அம்மாவை யார் அழைத்துச் செல்வது? தங்கை சென்றால் அவளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. தோட்டத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கண் தெரியாதவரை எப்படி இறக்குவது? அம்மாவும் ‘எனக்கு எதற்கப்பா இந்த வயதில்?’ என்று சொல்லிவிடுவார். அச்சொல்லை நாங்கள் வசதியாக நம்பிக்கொண்டோம்.

2011ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பலாப்பழம் ஏற்றிச் செல்லும் ஜீப் ஒன்று அன்று சும்மா நின்றது. அதன் ஓட்டுநர் தாமாகவே முன்வந்து, என் அன்னையையும் அக்கம்பக்கத்தில் பார்வை மங்கிய வேறு நால்வரையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்து முகாமுக்கு அழைத்துச் சென்றார். எரிபொருளுக்குக்கூட ஒரு காசு வாங்கவில்லை. ஐவரில் நால்வருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. சில நாள் கழித்து வீடு திரும்பிய அம்மா என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘உனக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா?’ என்று கேட்டார். மூன்றாண்டுகளாக அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்விருட்டை நீக்கத் தேவைப்பட்டவை ஒரு வண்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையுமே.

அவையோரே! இது என் வீட்டுக் கதை மட்டும் அன்று. 2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடத்தப்பெற்ற தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் பார்வையற்றவர்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினருக்குக் காரணம் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த வில்லை, ஆவி படிந்த கண்ணாடிபோல் மங்கிவிடுவதே கண்புரை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்தினால், கண்ணில் வேறு கோளாறு இல்லாதவருக்குப் பார்வை திரும்பும். உலகம் முழுவதும் 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டென்றும், அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் தீர்க்கப்படாதிருப்பது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவித்தது.

இவ்விருட்டை நீக்கும் பணியில் நம் தமிழ்நாடு உலகுக்கே வழிகாட்டியிருக்கிறது. மதுரையில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போனவர். அவ்விரல்களைக் கொண்டே கண் அறுவை செய்யப் பயின்றவர். 1976ஆம் ஆண்டில், ஐம்பத்தெட்டு வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மைய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 1976இல்தான். வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்த செயற்கை வில்லையைக் குறைந்த விலையில் செய்வதற்கு 1992இல் ஆரோலேப் என்னும் ஆலை மதுரையில் எழுந்தது. நமக்கு அண்மையிலுள்ள கோவையில் 1997இல் அரவிந்த் மருத்துவமனையின் கிளை தொடங்கப்பெற்றது. டாக்டர் வெங்கடசாமி அவர்கள் 2006ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் இட்ட வித்து இன்று பெருமரமாக நிற்கிறது.

இம்மருத்துவர்கள் தொடக்கத்தில் ஒரு புதிரைக் கண்டனர். அறுவைச் சிகிச்சை இலவசம் என்றபோதும் ஏழைகள் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை? வைத்தியத்திற்குத்தான் காசில்லை, வழிக்குக் காசு வேண்டுமே! துணைக்கு வருபவரின் கூலி போகுமே! நகரத்தில் உணவுக்கு என்ன செய்வது? 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தென்னாட்டுச் சிற்றூர்களில் இதனைச் சோதித்துப் பார்த்தது. சிகிச்சையோடு பயணமும் உணவும் சேர்த்து இலவசமாக அளித்து, ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவரை வீடு வீடாக அனுப்பிப் பேசவைத்த முறையே பிற முறைகளைக் காட்டிலும் நற்பயன் தந்தது. 1999இல் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, கண் நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவானவர்களே முகாமை நாடி வந்தனர் என்று காட்டியது. ஆகவேதான் முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உணவளித்து, அறுவை செய்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடும் முறை உருவாயிற்று.

அப்படியென்றால் நம் வேனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். முகாமிலிருந்து மருத்துவமனை வரை வண்டி உண்டு. வீட்டிலிருந்து முகாம் வரை வண்டி இல்லை. அந்த இடைவெளியில்தான் என் அன்னை மூன்றாண்டுகள் இருட்டில் அமர்ந்திருந்தார். ‘பெண்களுக்குத்தான் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறதே!’ என்று சிலர் சொல்லலாம். அத்திட்டத்தை நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்குவதாக 2024ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. அதை நான் நன்றியோடு வரவேற்கிறேன். ஆனால் பேருந்து பெருஞ்சாலையில் போகிறது. நம் லைன் வீடுகளோ பாக்குத் தோப்பும் மிளகுக் கொடியும் சூழ்ந்த சரிவுகளுக்குள் இருக்கின்றன. குறும்பர், இருளர் குடியிருப்புகள் சிலவற்றுக்கு ஒற்றையடிப் பாதையே வழி. மழைக்காலத்தில் அட்டைக்கடியும் வழுக்குப் பாறையுமாக இருக்கும் அப்பாதையில், கண் தெரிந்த எனக்கே கால் நடுங்குகிறது. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் எவ்வாறு தனித்து இறங்கி வருவார்?

இனி, எனக்கு வருத்தம் தந்த வினா ஒன்றைச் சொல்கிறேன். செயற்குழுவில் நண்பர் ஒருவர், ‘ஐயா, நாமே வாங்கிப் பிழைக்கும் சாதி. கொடுப்பது பணக்காரர் வேலை. நம் வேனை எதற்கு ஊருக்குக் கொடுக்க வேண்டும்?’ என்று கேட்டார். அவர் நல்லவர்; சங்கத்திற்காக உழைத்தவர். எனினும் அவ்வினா நம் பிள்ளைகளின் மனத்தில் வேரூன்றிவிடக் கூடாது.

நாம் நிற்கும் இந்த நீலகிரி மண்ணில் வளர்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1891ஆம் ஆண்டில் இம்மலையில் கூட்டிய மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வி வேண்டும் என்று தீர்மானம் இயற்றியவர். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒரு பைசா கொடுக்க முடிந்தவரை நம்பி இதழ் நடத்தினார் அவர். அந்த ஒரு பைசாவில் அறிவு வளர்ந்தது. அவர் சித்த மருத்துவரும் ஆவார். பிறர் பிணி தீர்ப்பதைத் தம் கடமையாகக் கொண்டவர். நம் முன்னோர் கொடுத்து வளர்ந்தவர்களே. பத்து ரூபாயாகச் சேர்த்து வேன் வாங்கிய நாமா கொடுக்கத் தெரியாதவர்கள்?

கண்ணின் அருமையை அறிந்த மற்றொரு பெருமகனாரையும் நினைவூட்டுகிறேன். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்த அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1948 முதல் நீரிழிவு நோயால் வருந்தினார்கள். 1954ஆம் ஆண்டில் ஜூன் முதல் அக்டோபர் வரை படுக்கையில் இருந்தார்கள், பார்வையும் மங்கியிருந்தது. நூல்களையே உயிராகக் கொண்டவருக்கு அது எத்தகைய துன்பமாக இருந்திருக்கும்! அந்நிலையிலும் புத்தரைப் பற்றிய தம் பெருநூலை எழுதி முடித்துவிட்டே 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்கள். இன்று நம் குடியிருப்புகளிலும் நீரிழிவு பெருகிவருகிறது. அந்நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண்ணின் உட்புறத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்புரையால் இழந்த பார்வை திரும்பும். நீரிழிவும் கண் நீர் அழுத்த நோயும் பறித்த பார்வையைப் பெரும்பாலும் மீட்க முடியாது. காலம் தாழ்த்தாமல் கொண்டு சேர்ப்பதே அங்கு வைத்தியத்தில் பாதி.

கொடுப்பது என்று முடிவு செய்தால் முறையாகக் கொடுக்க வேண்டும். வேண்டாத பொருளைத் தள்ளிவிடுவதற்குக் கொடை என்று பெயர் சூட்டக் கூடாது. முதலாவதாக, ஒரு நல்ல மெக்கானிக்கைக் கொண்டு பிரேக், ஸ்டீயரிங், அடிச்சட்டம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்பது நம் ஓட்டுநர்கள் வழிவழியாகக் காக்கும் விதி. பிரேக் நம்பத்தகாத வண்டியில் பார்வையற்றவர்களை ஏற்றுவது பாவம்.

இரண்டாவதாக, பெறுபவரைக் கேட்ட பின்னரே கொடுக்க வேண்டும். பழைய வண்டியோடு ஓட்டுநர் சம்பளமும் டீசல் செலவும் பழுதுச் செலவும் சேர்ந்தே போகின்றன. யானையைத் தானம் கொடுத்துத் தீனியைக் கொடுக்காதவர் கதையாகிவிடக் கூடாது. ஆண்டுச் செலவில் ஒரு பங்கையாவது நம் சங்கம் ஏற்க வேண்டும்.

மூன்றாவதாக, ஏடுகள் செம்மையாக இருக்க வேண்டும். எஃப்.சி.யும் இன்சூரன்சும் புதுப்பித்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்த பின்னரே சாவியைக் கையில் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. வாய்ச்சொல்லால் கொடுத்துவிட்டுப் பின்னர் சங்கம் நீதிமன்றப் படியேறக் கூடாது.

வண்டி ஓடத் தகுதியற்றது என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் மனம் தளர வேண்டாம். அமெரிக்க நாட்டில் பார்வையற்றோருக்காக உழைக்கும் அமைப்புகள் பல, மக்களிடமிருந்து பழைய கார்களைக் கொடையாகப் பெறுகின்றன. அவற்றைப் பெரும்பாலும் ஏலத்தில் விற்று, வரும் தொகையைப் பணிக்குப் பயன்படுத்துகின்றன. நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களில் பழைய வண்டியை ஒப்படைத்தால் விலையும் கிடைக்கும். ஒப்படைப்புச் சான்றும் கிடைக்கும். காயலான் கடையில் போட்டால் அச்சான்று கிடைக்காது. வண்டி நம் பெயரிலேயே பதிவேட்டில் கிடக்கும். அத்தொகையை வங்கியில் தனிக் கணக்கில் இட்டு, முகாம் நாள்களில் வாடகை ஜீப் அமர்த்தலாம். தனிப்பட்ட முறையில் வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: வருமான வரிச் சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்கே உண்டு, பொருளாகத் தருவதற்கு இல்லை. சலுகையை விரும்புவோர் வண்டியை விற்று, தகுதி பெற்ற அறநிலையத்திற்கு வங்கி வழியாகப் பணம் செலுத்துவது நலம்.

மேலும், பார்வை திரும்பாதவர்களையும் நாம் மறந்துவிடலாகாது. அறுவையால் தீராத குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகள் நம் மலையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரெயில் எழுத்தைக் கற்பிக்கும் பள்ளியும் விடுதியும் தேவை. தேர்வு நாளில் எழுதிக் கொடுப்பவரை அழைத்து வர வேண்டும். அடையாள அட்டைக்காக மாவட்டத் தலைநகருக்குச் சென்றுவர வேண்டும். அவ்வழிகளுக்கும் இவ்வண்டி பயன்படட்டும். நம் சங்கம் கல்விச் சங்கம். பார்வையற்ற பிள்ளை ஒன்று பள்ளிக்குச் செல்ல வழியில்லாமல் வீட்டில் அமர்ந்திருக்குமானால், நம் கல்விப்பணி அந்த அளவுக்குக் குறையுடையதே.

ஆகவே, இப்பொதுக்கூட்டத்தின் முன் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். வருகிற திங்களுக்குள் வேனைச் சோதித்துப் பார்ப்போம். ஓடுமாயின் செப்பனிட்டு, கண் முகாம் நடத்தும் அமைப்பு ஒன்றைக் கேட்டறிந்து, ஏடு மாற்றி, ஓராண்டு டீசல் செலவோடு ஒப்படைப்போம். ஓடாதாயின் முறைப்படி விற்று, ‘கண் வழி நிதி’ என்று கணக்குத் தொடங்குவோம். எவ்வகையிலும், அது சாதி, மதம், பழங்குடி, தோட்டத்தார், ஊரார் என்று பாராமல் பார்வை மங்கிய அனைவருக்கும் உரியதாக இருக்கட்டும். என்னுடைய பங்காக ஒரு மாதச் சம்பளத்தைச் செப்பனிடும் செலவுக்கு இன்றே தலைவரிடம் ஒப்படைக்கிறேன். இது என் அன்னைக்கு நான் மூன்றாண்டு காலம் தாழ்த்திச் செலுத்தும் கடன்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பாட்டியையும் தாத்தாவையும் பத்தடி தள்ளி அமரச் சொல்லி, உங்கள் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடி ஒரு முறை. மறு கண்ணை மூடி மறு முறை. தடுமாறுபவர்களின் பெயரை எழுதித் திங்கட்கிழமை என்னிடம் கொடுங்கள். அப்பட்டியலே வண்டியின் முதல் பயணத்திற்கு வழிகாட்டும்.

மெய்வருத்தம் பாராது வேன் வாங்கிக் கொடுத்த தாய்மார்களை மீண்டும் வணங்குகிறேன். உங்கள் அனுமதியில்லாமல் அவ்வண்டி ஓர் அடியும் நகராது. ஆதலால் முடிவை உங்களிடமே விட்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.